பெண் எலியிடம் யாரும் கேட்கவில்லை

*ஓயாத இரைச்சல் படிப்பையும் நினைவையும் அரிக்கிறது. ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் அது ஒரேமாதிரிதான் அரிக்கிறதா?*

நாலரை நிமிடத்துக்கு ஒரு ரயில். அது கடந்துபோக அரை நிமிடம். அந்த அரை நிமிடமும் ஆசிரியை வாயை மூடிக்கொள்வார். சாக்பீஸ் கரும்பலகையில் பாதிச் சொல்லோடு நிற்கும். ரயில் போனதும் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துத் தொடர்வார். அடுத்த நாலரை நிமிடத்தில் மறுபடியும் ரயில். நியூயார்க்கில் மன்ஹாட்டனின் வடகோடியில் இருக்கும் 98-ஆம் எண் பொதுப் பள்ளியில் 1970-களில் இதுதான் அன்றாடம். தூண்கள்மேல் ஓடும் ரயில்பாதை பள்ளியிலிருந்து சுமார் 220 அடி தூரத்தில் இருந்தது. ரயில் வரும்போது அந்தப் பக்கத்து வகுப்பறைகளில் 89 டெசிபல் சத்தம். ஓடும் மிக்ஸிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேமன் கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த ஆர்லைன் பிரான்சாஃப்டிடம் அவருடைய மாணவி ஒருவர், தன் பிள்ளை படிக்கும் பள்ளி இப்படி இருக்கிறதே என்று குறைபட்டுக்கொண்டார். பேராசிரியர் போய்ப் பார்த்தார். யாரோ ஆராய்ச்சிக்கென்றே கட்டிவைத்த மாதிரி இருந்தது கட்டடம். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே பகுதிப் பிள்ளைகள். கட்டடத்தின் ஒரு பக்கம் ரயிலைப் பார்த்திருந்தது. மறுபக்கம் அமைதியாக இருந்தது. டென்னிஸ் மெக்கார்த்தியுடன் சேர்ந்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் தேர்வு மதிப்பெண்களையும் ஒப்பிட்டார். 1975-இல் முடிவு வெளியானது. ரயில் பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். ஆறாம் வகுப்பை எட்டும்போது அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு கல்வியாண்டு அளவுக்கு வளர்ந்திருந்தது.

இரைச்சலையும் படிப்பையும் பற்றி யார் பேசினாலும் இந்தப் பள்ளியில்தான் தொடங்குவார்கள். அப்போதெல்லாம் விட்டுப்போகும் கேள்வி ஒன்று உண்டு. அந்த ரயில் பக்கத்து வகுப்பறையில் பையன்களும் இருந்தார்கள், பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். இருவருக்கும் கேட்டது ஒரே சத்தம். இருவருக்கும் அது செய்த வேலையும் ஒன்றுதானா?

மலையா, மழையா?

முதலில் சத்தம் படிப்பை எப்படிக் கெடுக்கிறது என்று பார்த்துவிடலாம். காது கெட்டுப்போவதால் அல்ல. இந்த ஆய்வுகளில் பெரும்பாலான பிள்ளைகளின் காது நன்றாகவே இருந்தது.

மன்ஹாட்டனிலேயே இன்னோர் இடம். நெடுஞ்சாலைக்கு மேலேயே கட்டப்பட்ட 32 மாடிக் குடியிருப்புகள். ஷெல்டன் கோஹன், டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் மூவரும் அங்கே வளரும் பிள்ளைகளைச் சோதித்து 1973-இல் எழுதினார்கள். வாகன இரைச்சல் அதிகமான கீழ்மாடிகளில் பல ஆண்டுகள் வாழ்ந்த பிள்ளைகளுக்கு, ஒலியில் நெருங்கிய சொற்களைப் பிரித்தறிவது கடினமாக இருந்தது. நம் மொழியில் சொன்னால், 'மலை'யா 'மழை'யா, 'வலி'யா 'வழி'யா என்ற குழப்பம். அதன் தொடர்ச்சியாக வாசிப்பும் தளர்ந்தது. மூளை தன்னைக் காத்துக்கொள்ளச் சத்தத்தை வடிகட்டப் பழகுகிறது. வடிகட்டும்போது லாரி ஹாரனோடு சேர்த்து அம்மாவின் பேச்சையும் டீச்சரின் உச்சரிப்பையும் கொட்டிவிடுகிறது.

அடுத்த சான்று மியூனிக்கில் கிடைத்தது. 1992 மே மாதத்தில் அங்கே ரீம் என்ற பழைய விமான நிலையத்தை மூடி, ஊருக்கு வெளியே புதியதைத் திறந்தார்கள். ஸ்டாஃபன் ஹைகே, கேரி எவன்ஸ், மோனிகா புல்லிங்கர் மூவரும் இடமாற்றத்துக்கு முன்பே இரண்டு பகுதிப் பிள்ளைகளையும் சோதித்துவைத்துக்கொண்டு, பிறகு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். சத்தம் நின்ற பகுதியில் பிள்ளைகளின் நீண்டகால நினைவும் வாசிப்பும் தேறின. சத்தம் புதிதாக வந்திறங்கிய பகுதியில் அவை இரண்டும் சரிந்தன. வறுமை, பெற்றோர் படிப்பு என்று வேறு காரணம் சொல்ல இடமில்லாமல் போயிற்று.

2005-இல் லண்டன் ஹீத்ரோ, ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல், மாட்ரிட் பராஹாஸ் ஆகிய மூன்று விமான நிலையங்களைச் சுற்றி 2,844 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு வெளிவந்தது. விமானச் சத்தம் 5 டெசிபல் கூடினால், பிரிட்டனில் 9, 10 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பு இரண்டு மாதம் பின்னுக்குப் போனது. பார்சிலோனாவில் 38 பள்ளிகளில் 2,680 பிள்ளைகளை ஓராண்டு கவனித்த ஆய்வு 2022-இல் வந்தது. அது சாலைச் சத்தம் பற்றியது. கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியதை மனசுக்குள் பிடித்துவைத்துக்கொண்டே போகிறோமே, அந்தச் செயல்நினைவு சத்தமான பள்ளிகளில் மெதுவாக வளர்ந்தது. 5 டெசிபலுக்கு சுமார் 11 சதவீதம் மந்தம். வீட்டு வாசலில் கேட்ட சத்தத்துக்கு அங்கே இந்த விளைவு தெரியவில்லை. பள்ளியில் கேட்ட சத்தம்தான் கெடுத்தது.

பேனாவைக் கீழே வைத்த சிறுமிகள்

இப்போது விட்டுப்போன கேள்விக்கு வருவோம்.

1980-இல் அமெரிக்காவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் உருவப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று. சத்தமான வகுப்பறையில் பையன்களும், அமைதியான வகுப்பறையில் பெண் பிள்ளைகளும் மேலாகச் செய்தார்கள். அப்படியென்றால் பெண்களுக்குச் சத்தம் ஆகாது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரம் வேண்டாம். 2004-இல் ஸ்வீடனில் இவா போமன் 13, 14 வயது மாணவர்கள் 96 பேரைச் சோதித்தார். நினைவுச் சோதனைகளில் பெண் பிள்ளைகள் முந்தினார்கள். பக்கத்தில் யாரோ பேசும் பேச்சுச் சத்தம் நினைவைக் கெடுத்தது. ஆனால் கெடுத்த அளவில் பையன், பெண் என்று வேறுபாடு இல்லை.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரியும். இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: சோதனை நடக்கும் நேரத்தில் சத்தத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அரை மணி நேரச் சத்தம் வேறு, ஆண்டுக்கணக்கில் கூடவே வாழும் சத்தம் வேறு. அந்த இரண்டாவது வகையைத்தான் கேரி எவன்ஸும் பீட்டர் லெர்ச்சரும் ஆஸ்திரியாவில் தேடிப் போனார்கள்.

அது விமான நிலையமோ பெருநகரமோ இல்லை. சின்ன ஊர்கள், கிராமங்கள். ஊர்ச்சாலையும் ரயிலும்தான் சத்தம். 50 டெசிபலுக்குக் கீழே இருக்கும் வீடுகளிலிருந்து கொஞ்சம் பிள்ளைகள், 60 டெசிபலுக்கு மேலே இருக்கும் வீடுகளிலிருந்து கொஞ்சம் பிள்ளைகள். இரு தரப்பிலும் பெற்றோரின் படிப்பும் வீட்டின் தன்மையும் ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். 2001-இல் வெளியான முடிவு இது: சத்தமான பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓய்வாக இருக்கும்போதே ரத்த அழுத்தம் கூடுதல். இரவு முழுக்கச் சேகரித்த சிறுநீரில் கார்ட்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் கூடுதல். இதெல்லாம் பையன்கள், பெண்கள் எல்லோருக்கும் பொது.

வேறுபாடு ஒரே ஓர் இடத்தில் வந்தது. ஒரு வேலையை எவ்வளவு நேரம் விடாமல் முயல்கிறார்கள் என்று பார்க்கும் சோதனையில், சத்தமான வீடுகளின் பெண் பிள்ளைகள் தளர்ந்தார்கள். பையன்களிடம் அந்தத் தளர்ச்சி காணப்படவில்லை.

இதை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பாருங்கள். சத்தத்தில் கவனம் சிதறும் பையன் பெஞ்சைத் தட்டுவான், பக்கத்திலிருப்பவனைச் சீண்டுவான், வெளியே நிற்பான். அவனுக்கு ஏதோ பிரச்னை என்று பள்ளி முழுக்கத் தெரியும். முயற்சியைக் கைவிடும் சிறுமி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர், 'நல்ல பொண்ணு, சத்தமே போடாது.'

தரமணியில் ஒரு எட்டுக் கை வீடு

மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பிள்ளைகளை அறுக்க முடியாது. அங்கேதான் எலிகள் வருகின்றன. இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு இடம் உண்டு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அதன் உடலியங்கியல் துறை, இரைச்சல் உடம்பை என்ன செய்கிறது என்று பல ஆண்டுகள் எலிகளில் ஆராய்ந்திருக்கிறது. சத்தத்தால் வரும் கேடுகளைத் துளசிச் சாறு தடுக்குமா என்றுகூட அங்கே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் ஷீலாதேவியும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு நம் விஷயத்துக்கு நேராக வருகிறது.

அவர்களுடைய எட்டுக் கை வீடு இப்படி இருக்கும்: நடுவில் ஒரு வட்ட மேடை. அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல எட்டு ஒடுங்கிய பாதைகள். சில பாதைகளின் நுனியில் மட்டும் தீனி. நல்ல நினைவுள்ள எலி தீனி இல்லாத பாதைகளில் நுழையாது. ஒருமுறை தின்றுவிட்ட பாதைக்குத் திரும்பியும் போகாது. இப்படிப் பழக்கிய எலிகளை நாளுக்கு 4 மணி நேரம் 100 டெசிபல் சத்தத்தில் வைத்தார்கள். 30 நாள்கள். அதன்பிறகு பார்த்தால், எலிகள் காலியான பாதைக்குள் போய் நின்றன. தின்று முடித்த இடத்துக்கே மறுபடி ஓடின. ரத்தத்தில் நெருக்கடி ஹார்மோன் ஏறியிருந்தது. மூளையை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸிலும் நெற்றிப் பக்கத்து மூளைப் பகுதியிலும் நரம்பணுக்களின் கிளைகள் குறைந்திருந்தன. முருங்கை மரத்தைக் கழித்துவிட்ட மாதிரி.

அந்த எலிகள் எல்லாம் ஆண்கள்.

தரமணியைக் குறை சொல்லிப் பயனில்லை. உலகம் முழுக்க அதுதான் வழக்கம். நரம்பியல் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அன்னலீஸ் பீரியும் இர்விங் ஸக்கரும் கணக்கெடுத்து 2011-இல் எழுதினார்கள். ஒரு பாலின விலங்கை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில், பெண் விலங்கில் செய்த ஆய்வு ஒன்றுக்கு ஆண் விலங்கில் செய்தவை 5.5 என்ற விகிதம். இதற்குச் சொல்லப்பட்ட காரணம் நம் வீடுகளில் கேட்டுப் பழகியதுதான்: பெண் எலிக்கு நாலைந்து நாளுக்கு ஒரு சுழற்சி உண்டு, ஹார்மோன் ஏறி இறங்கும், அளவுகள் நிலையாக வராது, எதற்கு வம்பு? 2014-இல் ஸக்கரும் சகாக்களும் 293 கட்டுரைகளை அலசிப் பார்த்தார்கள். பெண் எலியின் அளவுகள் ஆண் எலியைவிட அதிகமாக ஒன்றும் ஆடவில்லை. காரணமே பொய்.

ஒரு பாதியை மட்டும் பார்த்ததன் விலை மருந்துக் கடையிலும் தெரிந்தது. ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் ரத்தத்தில் மறுநாள் காலையிலும் அதிகமாகத் தங்குகிறது என்று, 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகப் பாதியாக்கியது. மாத்திரை விற்பனைக்கு வந்து இருபது ஆண்டுகள் கழித்து. 2016 முதல், தன் நிதியில் நடக்கும் விலங்கு ஆய்வுகள் இரு பாலினத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கேட்கத் தொடங்கியது.

ஒரே நெருக்கடி, எதிரெதிர் விளைவு

பெண் எலியையும் கூண்டுக்குள் விட்டுப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது அதிர்ச்சி.

ட்ரேசி ஷோர்ஸ் என்ற நரம்பியலாளர் எலிகளுக்குச் சிறிய நெருக்கடி ஒன்றைக் கொடுத்து, அதன்பின் ஒரு குறிப்பு வந்ததும் கண் இமைக்கக் கற்றுக்கொடுத்தார். ஆண் எலிகள் வழக்கத்தைவிட வேகமாகக் கற்றன. பெண் எலிகள் வழக்கத்தைவிட மோசமாகக் கற்றன. சூல்பையை எடுத்துவிட்ட பெண் எலிகளில் அந்தச் சரிவு வரவில்லை. க்வெண்டலின் வுட்டும் அவரும் 1998-இல் இதை வெளியிட்டார்கள். அப்படியானால் பெண் மூளை நெருக்கடிக்குத் தாங்காதா?

பதிலைச் சொல்ல நியூயார்க் ஹன்டர் கல்லூரியின் விக்டோரியா லூயின் இருக்கிறார். அவர் எலிகளை மூன்று வாரம், தினமும் 6 மணி நேரம் அசையவிடாமல் அடைத்துவைத்து, நாம் தரமணியில் பார்த்த அதே எட்டுக் கை வீட்டில் விட்டார். இங்கே ஆண் எலிகள் தடுமாறின. பெண் எலிகள் தடுமாறவில்லை. முன்னைவிட நன்றாகவே செய்தன.

ஒரு முறை தரும் நெருக்கடியா, வாரக்கணக்கில் நீளும் நெருக்கடியா, கற்கச் சொன்னது எது என்பதைப் பொறுத்து விளைவு புரண்டுபோகிறது. 'ஆண் மூளை வலுவானது', 'பெண் மூளை மென்மையானது' என்ற பழைய பேச்சுக்கு இரண்டு பக்கமும் சான்று இல்லை. வலுவில் இல்லை வேறுபாடு. சேதம் நுழையும் வாசல்தான் வேறு.

சத்தம் என்பதும் மூளையின் கணக்கில் ஒரு நெருக்கடிதான். காதில் விழுந்தது ஆபத்தா என்று அமிக்டலா என்ற சிறிய பகுதி தூக்கத்திலும் சரிபார்த்துக்கொண்டே இருக்கிறது. சந்தேகம் வந்தால் அட்ரீனல் சுரப்பிக்குச் செய்தி போகும், கார்ட்டிசால் சுரக்கும். அந்த ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள் ஹிப்போகேம்பஸில் ஏராளம் என்று புரூஸ் மெக்யூவன் 1968-லேயே காட்டினார். அதே ஹிப்போகேம்பஸில் ஈஸ்ட்ரோஜனும் வேலை செய்கிறது. மெக்யூவனின் ஆய்வுக்கூடத்தில் இருந்த கேத்தரின் வூலி 1990-இல் கண்டது இது: பெண் எலியின் நாலைந்து நாள் சுழற்சிக்குள்ளேயே, ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியில் நரம்பணுக் கிளைகளின்மேல் இருக்கும் நுண்முட்களின் அடர்த்தி சுமார் 30 சதவீதம் ஏறி இறங்குகிறது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடங்கள் அந்த முட்கள். பெண் எலியின் மூளையில் நினைவின் தறி நாளுக்கு நாள் நெய்து பிரித்து மறுபடி நெய்யப்படுகிறது. அந்தத் தறியின்மேல் இரைச்சல் விழும்போது, ஆண் எலியில் பார்த்த அதே கிழிசலை எதிர்பார்ப்பது தவறு.

ஆனால் ஹார்மோனோடு கதை முடியவில்லை. ஆஸ்திரியச் சிறுமிகளை நினைத்துப்பாருங்கள். அவர்கள் நாலாம் வகுப்பு. பெரும்பாலும் பூப்பெய்தாத வயது. சுழற்சியே தொடங்காத பிள்ளைகள் ஏன் பையன்களுக்கு முன்னால் கைவிட்டார்கள்?

பொத்தான் யார் கையில்?

டேவிட் கிளாஸும் ஜெரோம் சிங்கரும் 1972-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு சோதனை வருகிறது. இரண்டு குழுக்களுக்கும் எப்போது வரும் என்று தெரியாதபடி 108 டெசிபல் சத்தம். ஒரு குழுவின் பக்கத்தில் மட்டும் ஒரு பொத்தான். 'தாங்க முடியவில்லையென்றால் அழுத்துங்கள், சத்தம் நின்றுவிடும். முடிந்தவரை அழுத்தாமல் இருங்கள்.' அவர்கள் அழுத்தவில்லை. ஆக, இரண்டு குழுவும் கேட்ட சத்தம் ஒன்றுதான். அதன்பிறகு எல்லோருக்கும் விடையே இல்லாத புதிர்களைக் கொடுத்தார்கள். பொத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் மிக அதிக நேரம் முயன்றார்கள். பொத்தான் இல்லாதவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள்.

1980-இல் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தைச் சுற்றியிருந்த பள்ளிகளில் இதேதான் நடந்தது. விமானப் பாதையின் கீழ் படித்த பிள்ளைகள், விடை இருக்கும் புதிரைக்கூட நேரம் முடியும் முன்பே தள்ளிவைத்தார்கள். 'நாம் என்ன செய்தாலும் நிற்கப்போவதில்லை' என்பதை மூளை கற்றுக்கொண்டுவிட்டால், அந்தப் பாடம் கணக்குநோட்டுக்குள்ளும் புகுந்துவிடுகிறது.

இங்கே என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருமுனையில் மாரியம்மன் கோயில். பங்குனித் திருவிழா என்றால் பத்து நாளும் மின்கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர், விடிகாலை நாலரைக்கு மைக் செட் பாட ஆரம்பித்துவிடும். அந்த ஆண்டு அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, எனக்குப் பத்தாம் வகுப்பு. நான் சாயங்காலம் புத்தகத்தை சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு ஊருக்கு அந்தப் பக்கம் இருந்த நண்பன் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். இரவு பத்துக்குத்தான் திரும்புவேன். அக்காவும் ஒருநாள் அவள் தோழி வீட்டுக்குக் கிளம்பினாள். "இருட்டுற நேரத்துல பொட்டப்புள்ளைக்கு அங்க என்ன வேலை? இங்க உக்காந்து படி, ஒரு கண்ணு அடுப்பையும் பாத்துக்க" என்றாள் அம்மா. அக்கா காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு குக்கர் விசில் எண்ணியபடி வேதியியல் படித்தாள்.

அந்தச் சைக்கிள்தான் என் பொத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நூலகம், மொட்டைமாடி, பூங்கா, டீக்கடைக்குப் பின்னால் இருக்கும் மரத்தடி. பையன்கள் சத்தத்திலிருந்து தப்பிக்கும் இடங்களுக்குப் பட்டியல் போடலாம். பெண் பிள்ளைகளுக்கு எத்தனை? வீட்டுக்குள்ளேயும் டி.வி ரிமோட் யார் கையில், மிக்ஸி ஓடும் அடுக்களைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பது என்று பார்த்தால் விடை தெரியும். சத்தம் டெசிபலில் ஒன்றாக இருக்கலாம். அதை நிறுத்தவோ அதைவிட்டு எழுந்து போகவோ இருக்கும் உரிமை ஒன்றாக இல்லை. உடம்பின் வேறுபாடு எங்கே முடிகிறது, வீட்டின் வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்று இங்கே கோடு கிழிப்பது கடினம். கூண்டு எலிக்கு அம்மா கிடையாது. நம் பிள்ளைகளுக்கு உண்டு.

100 மீட்டர் வட்டம்

சட்டம் நம்மிடம் நன்றாகவே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாகக் கருதின. பகலில் 50 டெசிபல், இரவில் 40. குடியிருப்புப் பகுதிக்கு 55, 45. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. எங்கள் தெரு மைக் செட்டின் நாலரை மணிப் பாட்டு இந்தக் கணக்கில் குற்றம். 2017-இல் மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. மாநில அரசு குறிப்பிட்டு அறிவித்தால்தான் ஓர் இடம் அமைதி மண்டலம். பள்ளி இருந்தாலே போதும் என்ற நிலை போயிற்று.

உலக சுகாதார அமைப்பு 1999-இல் சொன்னது இன்னும் கடுமை: பாடம் நடக்கும்போது வகுப்பறைக்குள் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் தலைக்குமேல் தாழ்ந்து இறங்கும் விமானத்தைப் பார்த்தவர்களுக்கும், ஜி.எஸ்.டி சாலை ஓரத்தில் ஜன்னல் திறந்த வகுப்பறையில் உட்கார்ந்தவர்களுக்கும் அந்த 35 ஒரு கனவு. டெசிபல் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும்: 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு.

பெட்டிச் செய்தி: செலவில்லாமல் செய்யக்கூடியவை

● சாலையைப் பார்த்த அறையை அலுவலகமாக்கி, வகுப்பறையை உள்பக்கம் மாற்றுங்கள். சத்தமான பக்கத்தில் ஒரே வகுப்பை ஆண்டுக்கணக்கில் உட்காரவைக்காமல் சுழற்றுங்கள்.

● வெறும் சிமென்ட் சுவரும் தளமும் எதிரொலியைப் பெருக்கும். துணித் திரை, பிள்ளைகளின் ஓவியங்கள் ஒட்டிய தடித்த அட்டை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் தொப்பி எல்லாம் அதைக் குறைக்கும்.

● ஆசிரியரின் குரல் பின்னணிச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது மேலே இருந்தால்தான் சிறு பிள்ளைகளுக்குச் சொல் தெளியும். கத்துவதைவிடக் கிட்டே போய்ப் பேசுவது உதவும்.

● சத்தத்தில் துள்ளும் பிள்ளையைப் போலவே, பாதியில் எழுதுவதை நிறுத்தும் பிள்ளையையும் குறித்துவையுங்கள்.

● தேர்வுக் காலத்தில் வீட்டின் அமைதியான மூலையும் மாலை நேரத்து நூலகமும் மகளுக்கும் மகனுக்கும் சமமாகக் கிடைக்கட்டும். கூட்டிப்போய்க் கூட்டிவர ஒருவர் போதும்.

ரப்பர் துண்டு செய்த வேலை

அந்த மன்ஹாட்டன் பள்ளிக்குத் திரும்புவோம். 1975 ஆய்வு வெளியானதும் பெற்றோர் சும்மா இருக்கவில்லை. ரயில் நிர்வாகம் பள்ளிக்கு அருகே தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகளை வைத்தது. கல்வித் துறை சத்தமான பக்கத்து வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் கூரை போட்டது. ரயில் நிற்கவில்லை, பள்ளி இடம் மாறவில்லை. பிரான்சாஃப்ட் மறுபடி போய் மதிப்பெண்களைப் பார்த்தார். 1981-இல் அவர் எழுதியபோது இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இடையில் வேறுபாடு இல்லை.

அங்கே சரியானதற்குக் காரணம், ஒரு தாய் வாய் திறந்தார், ஒரு பேராசிரியர் காதுகொடுத்தார். வாய் திறக்காத இடங்களில் அளவெடுக்க வேண்டியது நம் பொறுப்பு. எலிக்கூண்டில் இரண்டு பாலினத்தையும் வைப்பது போல, பள்ளி ஆய்வுகளிலும் பையன், பெண் கணக்கைத் தனித்தனியே போட வேண்டும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் போதாது. யார் எந்த நிமிடத்தில் முயற்சியை விட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அக்காவுக்கு ஃபோன் செய்தேன். "ஏன்க்கா, அப்போ ஒருநாள்கூட நீ வாயைத் திறந்து சத்தம் தாங்கலன்னு சொல்லவே இல்லையே?"

"யாருடா கேட்டீங்க?" என்றாள். பிறகு சிரித்தாள். "அந்த மைக் செட்ல எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு ஓடும்னு இப்பவும் வரிசையா சொல்வேன். கெமிஸ்ட்ரிதான் ஒண்ணும் ஞாபகம் இல்ல."